பறந்தால் போதாது: புதிய பயணிகள் விமானத்துக்கு வகைச் சான்றிதழ் எடுப்பது எப்படி?

[காட்சி: சீனக்குடா ஓடுபாதை, காலை. செஸ்னா காரவன் ஒன்று இறங்குகிறது. பின்னால் உள்துறைமுகம்.]

வணக்கம். திரையில் இறங்குவது செஸ்னா 208 காரவன். ஒற்றை எஞ்சின், கைவிரல்களில் எண்ணக்கூடிய ஆசனங்கள். கட்டுநாயக்கவுக்கு வரும் ஏர்பஸ் ஏ330 இல் முந்நூறு பேரளவில் இருப்பார்கள். இரண்டும் விமானம்தான். ஆனால் இரண்டும் எழுதிய பரீட்சை வேறு. அமெரிக்க விதிகளில் 19 பயணிகளுக்கும் 19,000 இறாத்தல் எடைக்கும் உட்பட்ட சிறிய விமானங்களுக்குப் பகுதி 23. அதற்கு மேலே போனால் பகுதி 25. ஐரோப்பாவில் அதற்கு இணையானது சீ.எஸ்.-25. இந்த வீடியோ அந்தப் பெரிய பரீட்சையைப் பற்றியது.

முதலில் இரண்டு விமானங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

[திரையில் இரண்டு நிரல்கள்]

ஏர்பஸ் ஏ350: முதல் பறப்பு 2013 ஜூன் 14. ஐந்து பரிசோதனை விமானங்கள், சுமார் 2,600 பறப்பு மணித்தியாலங்கள். ஐரோப்பிய அதிகாரசபையான இயாசாவின் வகைச் சான்றிதழ் 2014 செப்ரெம்பர் 30 இல் கிடைத்தது.

மிட்சுபிஷி ஸ்பேஸ்ஜெட்: முதல் பறப்பு 2015 நவம்பர் 11. பறந்தது 3,900 மணித்தியாலத்துக்கும் மேல். 2023 பெப்ரவரியில் திட்டமே கைவிடப்பட்டது. சான்றிதழ் கடைசிவரை வரவில்லை.

கூடப் பறந்தது இரண்டாவதுதான். ஆகவே மணித்தியாலக் கணக்கு சான்றிதழைத் தராது. எந்த விதியை, எந்த வழியில் நிரூபிக்கப்போகிறோம் என்று அதிகாரசபையுடன் முன்கூட்டியே எழுத்தில் உடன்படுவதும், அந்த உடன்பாடு குலையாமல் ஆண்டுக்கணக்கில் கொண்டுபோவதும்தான் இந்த வேலையின் முக்கால்வாசி. ஸ்பேஸ்ஜெட்டில், விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே, சான்றிதழ் விதிகளுக்காக மின்னணுச் சாதன அறையின் அமைப்பையும் வயர் ஓடும் பாதைகளையும் மாற்றவேண்டி வந்தது. வீட்டுக்கு ஓடு போட்ட பிறகு அத்திவாரத்தைத் தோண்டுகிற வேலை அது.

[காட்சி: கடற்கரையில் பைபர் வள்ள அச்சு. பக்கத்தில் புதிதாகக் கழற்றிய வள்ளம்.]

சான்றிதழ்களிலும் மூன்று வகை. அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் கரையில் பைபர் வள்ளம் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு சரியா என்பது ஒரு கேள்வி. அந்தப் பட்டறை ஒவ்வொரு முறையும் அதே கனத்தில், அதே எண்ணிக்கைப் படையாகக் கண்ணாடி இழைப் பாய் போடுகிறதா என்பது இரண்டாவது. இன்று கடலில் இறங்கப்போகும் இந்த வள்ளம் நல்லதா என்பது மூன்றாவது. விமானத்தில் முதலாவதற்கு வகைச் சான்றிதழ், இரண்டாவதற்கு உற்பத்திச் சான்றிதழ், மூன்றாவதற்கு வான்தகுதிச் சான்றிதழ். நாம் கதைக்கப்போவது அச்சைப் பற்றி.

இனி வேலைக்கு வருவோம்.

விண்ணப்பம் கொடுக்கும் திகதியிலேயே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அன்று நடைமுறையில் இருக்கும் விதிகள்தான் உங்கள் சான்றிதழ் அடிப்படை. பெரிய விமானத்துக்கு அந்த விண்ணப்பம் 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதற்குள் முடிக்காவிட்டால் நீடிப்புக் கேட்கலாம், ஆனால் சும்மா கிடைக்காது. சான்றிதழ் வழங்கும் நாளிலிருந்து பின்னோக்கி 5 ஆண்டுக்கு முந்தாத ஒரு திகதியை நீங்கள் தெரிவுசெய்ய வேண்டும். அந்தத் திகதியின் விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும். உதாரணம்: 2026 ஜனவரியில் விண்ணப்பித்து 2033 ஜனவரியில் முடித்தால், 2028 ஜனவரியிலோ அதற்குப் பிறகோ இருந்த விதிகளுக்கு இணங்க வேண்டும். இடையில் வந்த திருத்தம் ஒவ்வொன்றும் முடிந்த வடிவமைப்பை மறுபடி திறக்க வைக்கலாம். இதனால்தான் விற்பனைப் பிரிவு அவசரப்படுத்துகிறது என்பதற்காக விண்ணப்பத்தை முந்திக் கொடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. எஞ்சினும் இறக்கையும் முடிவாகாத நிலையில் விண்ணப்பித்தால் முதல் இரண்டு ஆண்டுகள் வீணாகக் கரையும்.

ஐரோப்பாவில் இன்னொரு வாசல் உண்டு. விண்ணப்பிக்கும் நிறுவனம், வடிவமைப்பு நிறுவன அங்கீகாரம் பெற்றதாகவோ அதைப் பெறும் வழியில் உள்ளதாகவோ இருக்க வேண்டும். விமானத்தைப் பார்க்குமுன் அதை வரைகிறவர்களின் ஒழுங்கைப் பார்ப்பார்கள்.

விதிப்புத்தகம் எழுதப்பட்டபோது இல்லாத தொழில்நுட்பம் உங்கள் விமானத்தில் இருந்தால்? அதற்கு விசேட நிபந்தனை எழுதப்படும். அமெரிக்காவில் இந்தப் பேச்சுவார்த்தை இஷ்யூ பேப்பர் என்ற ஆவணத்தில் நடக்கும், ஐரோப்பாவில் சீ.ஆர்.ஐ. என்ற ஆவணத்தில். நிறுவனத்தின் நிலைப்பாடு, அதிகாரசபையின் நிலைப்பாடு, கடைசி முடிவு எல்லாம் அதில் பதிவாகும். திட்ட முகாமையாளர் வாராவாரம் பார்க்கவேண்டியது மூடப்படாத இந்தப் பேப்பர்களின் பட்டியலை. பரிசோதனைக்கு நாள் குறித்தாகிவிட்டது, அதற்குரிய பேப்பர் இன்னும் திறந்திருக்கிறது என்றால், அந்தப் பரிசோதனையைக் கணக்கில் எடுப்பார்களா என்பதே நிச்சயமில்லை.

[காட்சி: எரிந்த மின்கலப் பெட்டியின் வரைபடம்]

விசேட நிபந்தனை எழுதியும் பிழைக்கலாம். போயிங் 787 இன் லித்தியம் அயன் மின்கலத்துக்கு 2007 இல் விசேட நிபந்தனை வந்தது. விமானம் 2011 ஓகஸ்ற்றில் சான்றிதழ் பெற்றது. ஒரு மின்கலக் கூறு சூடேறினாலும் பக்கத்துக் கூறுகளுக்கு அது பரவாது என்பது அனுமானம். புகை வருவது ஒரு கோடி பறப்பு மணித்தியாலத்துக்கு ஒரு தடவைக்கும் குறைவு என்பது கணக்கு. 2013 ஜனவரியில், மொத்தமாக ஒரு லட்சம் மணித்தியாலம்கூட நிறையாத நிலையில், இரண்டு விமானங்களில் அது நடந்தது. அந்த வகை விமானங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டன. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. பரவாது என்ற அனுமானத்தைச் சோதித்த முறையில்தான் ஓட்டை.

அடுத்தது இணக்கப் பட்டியல். இதை எக்செல் வேலை என்று புதியவர்கள் அலட்சியம் செய்வார்கள். பகுதி 25 இன் ஒவ்வொரு பந்திக்கும் ஒரு வரி. அதற்கு எதிரே நிரூபிக்கும் வழி, ஆவண இலக்கம், பொறுப்பாளர், நிலை. இயாசா இந்த வழிகளுக்கு 0 முதல் 9 வரை இலக்கம் கொடுத்திருக்கிறது. 2 என்றால் கணக்கு, 4 ஆய்வுகூடப் பரிசோதனை, 5 தரையில், 6 வானில், 8 சிமுலேற்றர். வழி 6 என்று எழுதிய ஒவ்வொரு வரியும் காசு. 2 போதும் என்று அதிகாரசபை ஒத்துக்கொண்டால் ஒரு பறப்பு மிச்சம். அதை ஒத்துக்கொள்ள வைக்க, உங்கள் கணக்கு முன்பு ஏதாவது ஒரு பரிசோதனையோடு பொருந்திய ஆதாரம் வேண்டும்.

[காட்சி: திரையில் பெரிதாக இரண்டு சொற்றொடர்கள்: "விதிக்கு இணங்குதல்", "வரைபடத்துக்கு ஒத்திருத்தல்"]

இரண்டும் வேறு. தாமதங்கள் நிறையப் பிறக்கும் இடமும் இதுதான்.

வரைபடத்தில் உள்ள வடிவமைப்பு விதிக்கு இணங்குகிறது என்பது முதலாவது. பரிசோதனை மேசையில் இருக்கும் துண்டு அந்த வரைபடத்தின்படியே செய்யப்பட்டது என்பது இரண்டாவது. இரண்டாவது இல்லாமல் முதலாவது செல்லாது. அமெரிக்க முறையில், ஒத்திருக்கிறது என்று விண்ணப்பதாரர் 8130-9 படிவத்தில் கையொப்பமிட வேண்டும். அதன் பிறகே அதிகாரசபையின் பரிசோதகர் பார்ப்பார். அதிகாரசபை விமானிகள் கணக்குக்கு எடுக்கும் பறப்புகளில் ஏறுவதற்கும் தனியாக ஓர் அங்கீகாரம் வேண்டும். அது கிடைக்குமுன் பறந்த மணித்தியாலங்கள் உங்கள் அறிவுக்கு உதவும், சான்றிதழுக்கு உதவாது.

நடைமுறையில் என்ன பிழைக்கிறது? வரைபடத்தில் சொன்ன ஆணி களஞ்சியத்தில் இல்லை. அதே விட்டத்தில் வேறு இலக்க ஆணி போடப்படுகிறது. பலம் ஒன்றுதான், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அதைப் பதியவில்லை. பரிசோதனை முடிந்து மூன்று மாதம் கழித்துக் கணக்கெடுப்பில் அது தெரியவருகிறது. இப்போது பொறியியலாளர் ஒருவர் அந்த மாற்றம் முடிவைப் பாதிக்கவில்லை என்று எழுத வேண்டும், அதிகாரசபை அதை ஏற்க வேண்டும், ஏற்காவிட்டால் மறுபடி பரிசோதனை. பரிசோதனைக்கு முன்பே விலகல்களை எல்லாம் எழுதித் தீர்த்திருந்தால் அரை நாள் வேலை. மென்பொருளிலும் இதே கதை. பறந்த பதிப்பு எது, அங்கீகாரத்துக்குப் போன பதிப்பு எது என்று கேட்கும்போது தடுமாறக் கூடாது.

இழையும் பிசினும் சேர்ந்த கலப்புப் பொருள் இறக்கை என்றால் இன்னொரு சிக்கல். பைபர் வள்ளம் திருத்துகிறவர்களுக்கு இது தெரியும்: வெளியே சின்ன அடையாளம், உள்ளே படைகள் பிரிந்திருக்கும். ஆகவே கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவு அடியை வேண்டுமென்றே கொடுத்து, அந்தக் காயத்தோடேயே இறக்கை முழுச் சுமையையும் தாங்குகிறது என்று காட்ட வேண்டும்.

[காட்சி: வளைந்து நிற்கும் இறக்கையின் அசைவுப்படம்]

முழுச் சுமை என்றால்? சேவையில் எதிர்பார்க்கும் ஆகக்கூடிய சுமையின் 1.5 மடங்கு. அதை 3 செக்கன் உடையாமல் தாங்க வேண்டும். ஏர்பஸ் ஏ380 இன் இறக்கை 2006 பெப்ரவரியில் 1.45 க்கும் 1.5 க்கும் இடையில் உடைந்தது. பத்திரிகைகளுக்கு அது பெரிய செய்தி. பொறியியலாளர்களுக்கு அவ்வளவு பெரிதல்ல, ஏனென்றால் உடைந்த இடமும் சுமையும் கணக்குக்கு மிக நெருக்கம். அந்த இடத்தை வலுவூட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சான்றிதழ் வந்தது.

மற்றப் பரிசோதனைகளை வேகமாகப் பார்ப்போம். 4 இறாத்தல் பறவை பயண வேகத்தில் மோதினாலும் விமானம் பத்திரமாக இறங்க வேண்டும், வால் பகுதிக்கு அது 8 இறாத்தல். தேய்ந்து முடிந்த பிரேக்கோடு, உச்ச எடையில், புறப்படும் வேகத்தில் ஓடி நிறுத்த வேண்டும், பிறகு 5 நிமிடம் தீயணைப்பு வண்டி தள்ளியே நிற்கும். இருட்டில், பாதி வாசல்களை மட்டும் திறந்து, 90 செக்கனில் எல்லோரும் வெளியேற வேண்டும். அதில் ஆகக்குறைந்தது 40 சதவீதம் பெண்கள், 35 சதவீதம் 50 வயதைத் தாண்டியவர்கள், கைக்குழந்தைகளுக்குப் பதில் மூன்று பொம்மைகள். ஏ380 இலிருந்து 873 பேர் 78 செக்கனில் இறங்கினார்கள்.

நாள் குறிக்க முடியாத பரிசோதனை ஒன்று உண்டு: இயற்கையான உறைபனி மேகம். சீனாவின் ஏ.ஆர்.ஜே.21 சொந்த நாட்டில் சரியான மேகம் கிடைக்காமல் 2014 இல் கனடாவின் பெரிய ஏரிகள் பக்கம் போக வேண்டியிருந்தது. அட்டவணையில் ஒரு குளிர்காலத்தைத் தவறவிட்டால் அடுத்த குளிர்காலம்வரை காத்திருப்பதுதான்.

இனிப் பாதுகாப்புக் கணிப்பு. பந்தி 25.1309. பேரழிவு தரும் கோளாறு நூறு கோடி பறப்பு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்ற அளவுக்கு அரிதாக இருக்க வேண்டும். இந்த எண்ணை எல்லோரும் பாடமாக்கி வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே இருக்கும் மற்ற நிபந்தனையை மறந்துவிடுவார்கள்: எவ்வளவு அரிதானாலும், தனியொரு கோளாறு பேரழிவில் முடியக் கூடாது. எந்தக் கோளாறு எவ்வளவு பாரதூரமானது என்ற வகைப்படுத்தலில் இருந்துதான் மென்பொருளின் தரமும் வரும். விமான மென்பொருளுக்கான டி.ஓ.-178சி தரநிலையில், ஆகக் கடுமையான ஏ மட்டம் என்றால் 71 இலக்குகளை நிறைவுசெய்ய வேண்டும். மட்டத்தைக் குறைத்துப் போட்டால் வேலை குறையும். அந்த ஆசையை அடக்குவதற்குத்தான் தனியான மீளாய்வாளர்கள்.

போயிங் 737 மேக்ஸில் நடந்ததை இந்த இடத்தில்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழிறக்கும் எம்கேஸ் என்ற மென்பொருள் முதலில் வால் தகட்டை ஒரு தடவைக்கு 0.6 பாகைதான் அசைக்கும் என்றிருந்தது. பறப்புப் பரிசோதனையின்போது அது 2.5 பாகையானது. மாற்றத்தின் முழு விளைவும் பாதுகாப்புக் கணிப்பைப் பார்த்த எல்லோரையும் போய்ச் சேரவில்லை. எம்கேஸ் நம்பியிருந்ததோ ஒரே ஒரு தாக்குகோண உணரியை, அதாவது எதிர்க்காற்றுக்கு இறக்கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளக்கும் கருவியை. 2018 ஒக்ரோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விபத்துகள், 346 உயிர்கள். வடிவமைப்பில் ஓர் எண் மாறினால் அந்த எண்ணைத் தொட்ட ஒவ்வோர் ஆவணமும் தானாகத் திறக்க வேண்டும். அப்படிப் பின்னி வைக்காத ஆவண முறைமை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் பயனில்லை.

[காட்சி: உலக வரைபடம். ஒரு புள்ளியில் இருந்து கோடுகள் இலங்கைக்கு வருகின்றன.]

ஒரு நாடு சான்றிதழ் கொடுத்ததும் உலகம் முழுவதும் பறக்கலாமா? இல்லை. மற்ற அதிகாரசபைகள் தத்தம் விதிகளோடு ஒப்பிட்டு ஏற்க வேண்டும். எம்ப்ரேயர் ஈ190-ஈ2 க்கு 2018 பெப்ரவரி 28 இல் பிரேசில், அமெரிக்கா, ஐரோப்பா மூன்றும் ஒரே நாளில் கொடுத்தன. மூன்று அதிகாரசபைகளையும் தொடக்கத்திலேயே ஒரே மேசைக்குக் கொண்டுவந்தால்தான் அது முடியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் அதே பரிசோதனையை இரண்டாவது தடவை செய்ய நேரிடும்.

இலங்கையில் பயணிகள் விமானம் வடிவமைக்கும் நிறுவனம் இல்லை. ஆனாலும் நமக்குக் கடமை உண்டு. ஒரு புதிய வகை விமானம் முதன்முறையாக 4ஆர் என்ற எழுத்துகளோடு இங்கே பதிவாகும்போது, சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அதன் வான்தகுதிக்குப் பொறுப்பேற்கிறது. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 8 ஆம் இணைப்பின்படி, இந்த வகையைப் பதிந்துவிட்டோம் என்று வடிவமைத்த நாட்டுக்கு அறிவிக்கவும் வேண்டும். அந்தக் கடிதம் போனால்தான், நாளைக்கு ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் திருத்தச் சொல்லும் வான்தகுதிப் பணிப்புரை வெளியாகும்போது, அனுப்பவேண்டிய முகவரிகளில் நம்முடையதும் இருக்கும்.

[காட்சி: காரவன் மறுபடி எழும்பி, துறைமுகத்துக்கு மேலே திரும்புகிறது. ஒலி மெல்லக் குறைகிறது.]