தராசு முள் அசையவில்லை, கல்லீரல் மட்டும் இளைத்தது!

உங்கள் வயிற்றைக் கொஞ்சம் கிள்ளிப் பாருங்கள். வெட்கம் வேண்டாம், நான் பார்க்கப் போவதில்லை. மெத்தென்று விரலில் சிக்குகிறதே, அது தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு. இன்றைய வில்லன் அதுவல்ல. குடலைச் சுற்றி உள்ளே உட்கார்ந்திருக்கும் கொழுப்பு கைக்குச் சிக்காது; வயிறு மத்தளம்போல் விறைத்து நிற்கும்.

[திரையில்: மாத்திரைப் புட்டிகள்]

இந்த உள்கொழுப்பைக் கரைக்கும் ஓர் ஊசி மருந்துதான் இன்றைய கதை. பின்னணியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1996 வாக்கில் வந்த கூட்டு மருந்துகள் எச்ஐவி உள்ளவர்களின் உயிரைக் காத்தன. ஆனால் பலருக்குக் கன்னமும் கைகால்களும் ஒட்டிப்போக, வயிறு மட்டும் பெருத்தது. அந்த மருந்துகளில் ஒன்றான கிரிக்ஸிவான் மாத்திரையைச் சாப்பிட்ட அமெரிக்கர்கள் அதற்கு 'கிரிக்ஸ் தொப்பை' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். இந்த உள்கொழுப்பு கசியவிடும் கொழுப்பமிலங்கள் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலில் போய் இறங்குகின்றன.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. வளர்ச்சி ஹார்மோன் உள்கொழுப்பைக் கரைக்கும். அதைச் சுரக்கும்படி மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும் ஒரு ஹார்மோன் நம் மூளையிலேயே இருக்கிறது. 44 அமினோ அமிலங்கள் கோத்த சரம். ரத்தத்தில் கலந்த சில நிமிடங்களில் நொதிகள் அதன் தலையைக் கொய்துவிடும். வேதியியலாளர்கள் செய்தது என்ன தெரியுமா? அந்தத் தலையில் ஆறே கார்பன் கொண்ட ஒரு சிறு அமிலத்தைத் தொப்பிபோல் மாட்டினார்கள். அவ்வளவுதான்! நொதியின் பல் பதியவில்லை. இதுதான் டெசமோரெலின். எச்ஐவி உள்ளவர்களின் தொப்பைக் கொழுப்புக்காக 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொப்பைக்குத் தொப்பி என்று சொன்னால் திட்டுவீர்களா?

[திரையில்: கல்லீரல் ஸ்கேன்]

பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களும் எச்ஐவியோடு கொழுப்புக் கல்லீரலும் இருந்த 61 பேரை வைத்துச் சோதித்தன. முடிவு 2019இல் வெளியானது. ஓராண்டில், மருந்து போட்டவர்களில் 35 சதவீதம் பேருக்குக் கல்லீரல் கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது கொழுப்புக் கல்லீரல் என்று சொல்லும் எல்லைக்கே கீழே, இறங்கியது. போலி ஊசி போட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. உடல் எடையோ கிட்டத்தட்ட அப்படியே! தினமும் தராசில் ஏறி முகம் வாடுபவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை கேளுங்கள்.

சங்கடங்களும் உண்டு. தினமும் ஊசி. ரத்தச் சர்க்கரை ஏறலாம். புற்றுநோய் இருப்பவர்களுக்கு ஆகாது. நிறுத்தினால் தொப்பை சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிடும். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் யாரும் இறங்க வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் வாரம் ஒரு முறை போடும் செமாக்ளூடைடு ஊசியும் எச்ஐவி உள்ளவர்களின் கல்லீரல் கொழுப்பை ஆறு மாதத்தில் சுமார் 31 சதவீதம் குறைத்தது; கூடவே இடுப்புத் தசையும் சுருங்கியது. அந்தக் கதை வேண்டுமென்றால் கருத்துப் பகுதியில் 'தசை' என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போங்கள்.