பனிக்கூடாரத்துக்குள் 12 வோல்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

டொராண்டோவுக்கு வடக்கே, காரில் சுமார் ஒரு மணி நேரம் போனால் சிம்கோ ஏரி. அது உறைந்து கெட்டியானதும் ஜார்ஜினா பக்கம் போய்ப் பாருங்கள், ஏரியின் மேலேயே கூடாரங்கள் முளைத்திருக்கும். உள்ளே ஆட்கள் ஐஸில் துளை போட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பெர்ச் மீனுக்குத் தூண்டில் விட்டுக்கொண்டிருப்பார்கள். மடக்கித் தூக்கிப் போகிற துணிக் கூடாரத்தின் தரைப்பரப்பு 7 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஒன்டாரியோவில் அதற்குப் பதிவு எண்கூட வேண்டாம். முதல் வருஷம் கூடாரம் வாங்குகிறவர் அடுத்த வருஷம் அதற்குள் விளக்கும் ஃபேனும் மாட்ட ஆசைப்படுகிறார். மைனஸ் 15 டிகிரியில் ஃபேன் எதற்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

கூடாரத்துக்குள் புரோபேன் கேஸ் ஹீட்டர் எரியும்போது சூடான காற்றெல்லாம் கூரைக்குப் போய்விடும். தலை வியர்க்கும், கால் விறைக்கும். அதோடு, ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. அது குளிர்ந்த துணியில் படிந்து, உறைந்து, பிறகு உருகி உங்கள் கழுத்தில் சொட்டும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுழலும் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைக் கூரைக்கு அருகே, காற்று கீழே வருகிற மாதிரி கட்டிவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் நன்றாகவே குறையும். 12 வோல்ட்டில் ஓடும், சுமார் 0.2 ஆம்பியர்தான் இழுக்கும். ஹீட்டரின் சுவாலை மேல் நேராக அடிக்காதபடி மட்டும் திருப்பி வையுங்கள். விளக்கா ஃபேனா என்று கேட்டால் நான் ஃபேன் கட்சி. வெளிச்சத்துக்கு நெற்றி விளக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு சமாளித்துவிடலாம்.

ஆனால் ஒன்று. இந்த ஃபேன் உள்ளே இருக்கிற காற்றைத்தான் கலக்குகிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. ஃபேன் ஓடுகிறதே என்று காற்றுத் திறப்புகளை மூடிவிடக் கூடாது. கீழே ஒன்று, மேலே ஒன்று திறந்தே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அதற்கான அலாரம் ஒன்றைக் கொண்டுபோவது நல்லதுதான். வீட்டுக்கென்று செய்த அலாரங்கள் பல, உறைநிலைக்கு மேலே வேலை செய்யவே வடிவமைக்கப்பட்டவை. வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள்.

சரி, வயரிங்குக்கு வருவோம். நான் எலக்ட்ரீஷியன். வீட்டு வேலையில் 120 வோல்ட்டுக்குப் பயப்படுகிறவர்கள் இங்கே வந்ததும் தைரியசாலி ஆகிவிடுகிறார்கள். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்கிறார்கள். அடிக்காது, வாஸ்தவம். ஆனால் எரிக்கும். கையடக்கமான 7 ஆம்பியர்-மணி (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிச் சொல்லும் கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரியின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று பட்டுவிட்டால் அந்தக் கணத்தில் நூறு ஆம்பியருக்கு மேல்கூடப் பாயலாம். மெல்லிய வயர் அதைத் தாங்காது. உறை உருகிப் பற்றிக்கொள்ளும். சுற்றிலும் பாலியஸ்டர் துணி, காலடியில் புரோபேன் சிலிண்டர், வாசலில் ஜிப், கையில் தடித்த கையுறை. எவ்வளவு வேகமாக வெளியே வர முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் முதல் செலவு பியூஸ். பேட்டரியின் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். சுவிட்சுக்குப் பக்கத்தில், கூரைக்குப் பக்கத்தில் என்று தள்ளி வைத்தால் அதற்கு முந்தைய வயருக்குக் காவலே இல்லை. பியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான், விளக்கை அல்ல. 18 கேஜ் தடிமன் உள்ள வயருக்கு 5 ஆம்பியர் பியூஸ் தாராளம். அது போனால் 15 ஆம்பியர் பியூஸைச் செருகிப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். எங்கேயோ வயர் உரசியிருக்கிறது, அதைத் தேடுங்கள்.

நிறத்திலும் ஒரு குழப்பம் உண்டு. கனடா வீட்டுச் சுவருக்குள் கருப்பு வயர்தான் மின்சாரம் வரும் வயர். பேட்டரி வேலையில் சிவப்பு ப்ளஸ், கருப்பு மைனஸ். சிவப்பில் கரண்ட், கருப்பு நியூட்ரல் என்று ஊரில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் எளிது. கம்ப்யூட்டர் ஃபேனில் மூன்று வயர் வந்தால் பொதுவாகச் சிவப்பும் கருப்பும் போதும். மஞ்சள், வேகத்தைச் சொல்லும் வயர், அதன் நுனியில் டேப் சுற்றி விட்டுவிடலாம். நான்கு வயர் ஃபேனில் பல சமயம் மஞ்சளே ப்ளஸ்ஸாக இருக்கும். அதனால் நிறத்தை நம்பாமல் கூடவரும் படத்தைப் பாருங்கள். ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுழலாது, கெட்டுப்போகவும் கூடும்.

அடுத்தது குளிர். இரண்டு மீட்டர் எல்.ஈ.டி. பட்டை மீட்டருக்கு 4.8 வாட் வகை என்றால் 0.8 ஆம்பியர். இரண்டு ஃபேன் 0.4. மொத்தம் 1.2 ஆம்பியர், ஆறு மணி நேரத்துக்கு 7.2 ஆம்பியர்-மணி. அப்போ 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறக்குறையப் போதுமே என்று தோன்றும். போதாது. அந்த 7 என்பது, அறைச் சூட்டில், 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. கடுங்குளிரில் லெட் ஆசிட் பேட்டரி தன் கொள்ளளவில் பாதியைக்கூட இழக்கலாம். முழுக்கக் காலியாக்கினால் ஆயுளும் குறையும், காலியான நிலையில் உள்ளிருக்கும் அமிலம் உறைந்துபோகவும் கூடும். 18 ஆம்பியர்-மணி இருந்தால் ஓரளவு நிம்மதி. கனம் மட்டும் ஐந்து கிலோவுக்கு மேல், ஸ்லெட்டில், அதாவது பனியில் சறுக்கி இழுக்கும் வண்டியில், இழுத்துக்கொண்டு போக வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 12 ஆம்பியர்-மணியே இந்த வேலையை முடித்துவிடும். கனமும் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும். விலைதான் கூட. எதுவானாலும் வெறும் ஐஸ் மேல் வைக்காமல், தடித்த நுரைப்பெட்டிக்குள் வையுங்கள்.

வயரிலும் குளிர் விளையாடும். சாதாரண பி.வி.சி. உறை குளிரில் விறைத்து, மடக்கும்போது வெடிக்கும். சிலிகான் உறை போட்ட பல இழை வயர் வளைந்து கொடுக்கும், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே வாங்குங்கள். குடைபோல விரியும் கூடாரமா, ஸ்லெட்டோடு சேர்ந்திருந்து தலைக்கு மேல் கவிழ்த்து மூடும் கூடாரமா என்று பார்த்துத்தான் வயர் ஓட்ட வேண்டும். ஸ்லெட் வகையில் கம்பிச் சட்டத்தோடு நிரந்தரமாகக் கட்டிவிடலாம். ஆனால் சட்டம் மடியும் மூட்டில் தாராளமாகத் தளர்வு விடுங்கள். இறுக்கிக் கட்டினால் உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மேலே உறை மட்டும் முழுசாகத் தெரியும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது பெரிய தலைவலி. குடை வகையில் எதையும் நிரந்தரமாக வைக்காதீர்கள். வெல்க்ரோ பட்டையில் ஒட்டி, கையுறையோடு கழற்றக்கூடிய பெரிய பிளக் வைத்துக்கொண்டால் போதும்.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. வெளிர் மஞ்சள் நிறம் கண்ணுக்கு இதம். எல்.ஈ.டி. பட்டையை வெட்டும் குறி இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மலிவான டிம்மர் ஒன்றைச் சேர்த்ததும் மீன் காட்டும் சோனார் திரையில் கோடு கோடாக வந்தால், மீன்கூட்டம் என்று சந்தோஷப்பட வேண்டாம், டிம்மர் கிளப்புகிற மின் இரைச்சல் அது. சோனாருக்குத் தனி பேட்டரி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீடு திரும்பியதும் பிளக்குகளைத் துடைத்துக் காயவிடுங்கள். லித்தியம் பேட்டரியை ஏரியிலிருந்து வந்த கையோடு சார்ஜரில் போடாதீர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகப் பழுதாகும். வெளிப்பக்கம் தொட்டால் சூடேறிய மாதிரி இருக்கும், உள்ளே இன்னும் குளிர்ந்துதான் கிடக்கும். இரவு முழுக்க வீட்டுக்குள் வைத்துவிட்டு மறுநாள் காலையில் சார்ஜ் போடுங்கள். வணக்கம்.