அட்டாலியில் கிடக்கும் பழைய படங்கள்

வணக்கமுங்க. சுருட்டிக் கட்டி அட்டாலியில், அதாவது பரணில், போட்ட பழைய படங்களை என்ன செய்வது என்று வரைகிறவர்கள் பலரும் கேட்பதுண்டு. அங்கேயே விட்டுவைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவுங்க. சித்திரை வெயிலில் ஓட்டுக்கடியில் காகிதம் மொறுமொறுத்துப் போகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் வரும்போது பொள்ளாச்சி, கோவைப் பக்கம் அதே காகிதம் ஈரம் இழுத்துப் பூசணம் பூக்கும். மாசி, பங்குனியில் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

அவிழ்ப்பதில் அவசரம் ஆகாது. நெடுநாள் சுருண்ட காகிதத்தை இழுத்து விரித்தால் வெடிக்கும். கட்டிய நாடாவை மட்டும் கழற்றி இரண்டு மூன்று நாள் விட்டால் தானாகத் தளரும். பிறகு வெள்ளைத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பிளைவுட் பலகையும் நாலைந்து தடிப் புத்தகமும் ஏற்றுங்கள். கரித்துண்டு, பேஸ்டல் என்னும் வண்ணக் கட்டி இவற்றால் வரைந்த படங்களை மட்டும் அழுத்த வேண்டாம், வண்ணம் மேல்தாளில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எண்ணெய் வண்ண கேன்வாஸை நடுப்பகல் சூட்டில் விரியுங்கள். குளிரில் வண்ணம் விறைத்திருக்கும், விரிசல் விடும்.

எதையும் கழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். திண்ணை நிழல் போதும், ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடிச் சட்டம் இருந்தால் கழற்றிவிட்டு, போனைப் படத்துக்கு நேராகப் பிடியுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், தேதியும் இடமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எதை வைத்துக்கொள்வது? காலண்டரைப் பார்த்து வரைந்த சாமி படம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கொடுத்துவிடலாம். மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணற்றையோ காங்கேயம் காளையின் திமிலையோ நேரில் பார்த்துப் பென்சிலில் கிறுக்கிய அரைகுறைத் தாளை விடாதீர்கள். அந்தக் கிணறே இன்று இருக்காது. ஸ்கெட்ச் புத்தகத்தைப் பிரித்துத் தாள் தாளாக ஆக்கவும் வேண்டாம்.

வைத்துக்கொள்வதை லேமினேட் செய்துவிடாதீர்கள், திரும்பப் பிரிக்கவே முடியாது. செய்தித்தாளில் சுற்றினால் அதன் அமிலம் படத்தையும் பழுப்பாக்கும். ஈரோட்டில் கிடைக்கும் காடாத்துணியை இரண்டு தரம் அலசிக் கஞ்சியைப் போக்கி, நன்றாகக் காயவைத்துச் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். பெட்டியைத் தரையில் வைக்காமல் முக்காலியில் வையுங்கள், கரையானுக்காக.

யாருக்காவது கொடுத்தால் பின்பக்கம் பெயர், ஆண்டு, எந்த வகை வண்ணம் என்று பென்சிலில் எழுதுங்கள். நீங்களாக வரைந்த படத்தை விற்றாலும் அதை அச்சடிக்கும் உரிமை உங்களிடமே இருக்கும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் கைமாறும். உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு வாரிசுகளுக்கு அது உண்டு.

கேன்வாஸை மறுபடி பயன்படுத்தலாம். பழையது தண்ணீரில் கலந்து அடிக்கும் அக்ரிலிக் வண்ணம் என்றால் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வரைவதற்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சான ஜெஸ்ஸோவை இரண்டு கோட் அடியுங்கள். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ பிடிக்காது, நாளாக நாளாகத் தோல்போல உரியும். பழைய எண்ணெய் வெள்ளையில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலரத் தேய்க்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது.

மிச்சக் காகிதங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடும்போது, உங்கள் கையெழுத்து உள்ளதை நாலாகக் கிழித்துவிட்டே போடுங்கள். ஆளி எண்ணெய் துடைத்த துணிகள் கூடவே இருந்தால் குவித்து வைக்காதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிட்ட பிறகு குப்பைக்குக் கொடுங்கள்.