பீரோவைத் திறக்கும் நாள்

நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்

நண்பர்களே, வணக்கம்.

வீட்டில் ஒருவர் இறந்துபோனால், காரியம் எல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் அவருடைய பீரோவைத் திறப்போம். சட்டை ஒருவருக்கு, கைக்கடிகாரம் இன்னொருவருக்கு. டைரியையும் கடிதங்களையும் யாராவது பத்திரமாக எடுத்து வைப்பார்கள். 1980களில் சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸால் இறந்த தன்பாலீர்ப்பு இளைஞர்கள் பலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மகன் இன்னோர் ஆணோடு வாழ்ந்தது ஊருக்குத் தெரியக் கூடாது என்று கடிதங்களையும் போட்டோக்களையும் குப்பையில் போட்ட குடும்பங்கள் உண்டு. உயில் எழுதி வைக்காமல் போயிருந்தால், கூடவே இருந்து பணிவிடை செய்த துணைவர் வாய் திறக்க முடியாது.

1985இல் அந்த ஊரில் சிலர் சேர்ந்து ஒரு வரலாற்றுச் சங்கம் தொடங்கினார்கள். இன்றைக்கு அதன் பெயர் ஜிஎல்பிடி வரலாற்றுச் சங்கம்; தன்பாலீர்ப்பு ஆண்கள், பெண்கள், இருபாலீர்ப்பாளர்கள், மாறிய பாலினத்தவர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஆரம்பத்தில் கட்டடம் கிடையாது. வில்லி வாக்கர் என்பவருடைய வீடுதான் ஆவணக் காப்பகம். ஊர்வல நோட்டீஸ், சட்டையில் குத்தும் பேட்ஜ், மதுக்கூடத்துத் தீப்பெட்டி என்று இப்படிப்பட்ட காப்பகங்களுக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் மறுநாளே தூக்கிப்போடுகிற சாமான்கள். ஆனால் அந்தத் தீப்பெட்டி அட்டையில் ஒரு முகவரி இருக்கிறதே! கடையை மூடி நாற்பது வருஷம் ஆனபிறகு, அந்தத் தெருவில் நம்மவர்கள் கூடி உட்கார ஓர் இடம் இருந்தது என்பதற்கு வேறு என்ன சாட்சி?

காப்பாற்றுவதும் லேசான வேலை இல்லை. மலிவான காகிதத்தில் இருக்கும் அமிலம் அதையே அரித்துப் பழுப்பாக்கிவிடும். துருப்பிடித்த பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அமிலமில்லாத உறையில் போட்டு வைக்க வேண்டும்.

தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் வென்ற சான் பிரான்சிஸ்கோ நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க், 1978 நவம்பர் 27 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது அணிந்திருந்த கோட்டும் அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறது. குண்டு துளைத்த துணி அது.

நியூயார்க்கில் 1974இல் ஜோன் நெஸ்லே என்ற பெண்ணின் வீட்டில் தொடங்கியது லெஸ்பியன் ஹெர்ஸ்டரி காப்பகம், அதாவது பெண்களைக் காதலிக்கும் பெண்களின் வரலாற்றுக் காப்பகம். அந்த ஊரில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் நடனமாடி, அப்புறம் வீட்டு வேலை பார்த்துப் பிழைத்த மேபல் ஹாம்ப்டன் என்ற கறுப்பினப் பெண், தான் வாங்கிச் சேர்த்த, பெண்ணைப் பெண் காதலிக்கும் மலிவுப் பதிப்பு நாவல்களை அங்கே கொடுத்தார். பல்கலைக்கழகம் எதுவும் சீந்தாத புத்தகங்கள். தன்னைப் போன்ற பெண்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை ஒருத்தி அவற்றில்தான் படித்திருப்பாள்.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் லூ சல்லிவன். பள்ளி வயதிலேயே டைரி எழுத ஆரம்பித்தவர். பெண்ணாக வளர்க்கப்பட்டு, ஆணாக வாழ்ந்தவர், ஆண்களைக் காதலித்தவர். அதைக் காரணம் காட்டியே மருத்துவர்கள் அவருக்கு அறுவைச் சிகிச்சையை மறுத்தார்கள். ஆணாக மாற விரும்புகிறவர் பெண்ணைத்தான் விரும்புவார் என்பது அவர்கள் பாடம். அப்படியொருவர் இருக்கவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த வருஷங்களிலெல்லாம் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். சான் பிரான்சிஸ்கோ சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1991இல், 39 வயதில், எய்ட்ஸால் இறந்தார். டைரிகளை யார் கையில் ஒப்படைப்பது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

2019இல் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள் புத்தகமாக வந்தன. மூல நோட்டுகள் பெட்டிகளில் இருக்கின்றன. இன்றைக்கு ஓர் இளம் திருநம்பி போய்க் கேட்டால், அந்தப் பிள்ளைக் கையெழுத்திலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.