ஏரி போன பிறகு எஞ்சிய தரை

நேயர்களுக்கு வணக்கம்.

கோடையில் வற்றிய ஏரிக்குள் இறங்கி நடந்திருப்பீர்கள். வண்டல் பாளம் பாளமாக வெடித்து, ஓரம் சுருண்டு, காலடியில் அப்பளமாக நொறுங்கும். ஐப்பசி மழை வந்தால் அந்த ஏரி மறுபடி ஏரி. நான் பேச வந்திருப்பது ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் வற்றி, திரும்பி ஏரியாகாமலே போன ஒரு தரையைப் பற்றி. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குள் ஒரு மூலையில் இருக்கிறது. பெயர் ரேஸ்டிராக் பிளாயா. தானாக நகரும் கற்களைப் பார்க்கத்தான் அங்கே போகிறார்கள். பாலைவனத்தில் வற்றிய ஏரித்தரையை அங்கே பிளாயா என்பார்கள். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடற்கரை என்று பொருள். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது வேறு விஷயம்.

நீளம் நாலரை கிலோமீட்டர், அகலம் இரண்டு. இந்த நாலரை கிலோமீட்டரில் வடக்கு முனை தெற்கு முனையைவிட எவ்வளவு உயரம் தெரியுமா? 4 சென்டிமீட்டர். மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் ஓட கொத்தனார் விடுகிற வாட்டமே இதைவிட அதிகம். அந்த 4 சென்டிமீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தரைக்கு அடியில் பழைய ஏரியின் சேறு 300 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. மேலே நாம் மிதிப்பது உள்ளங்கை அகலச் சில்லுகள். களிமண் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, வெடிப்புகள் மும்மூன்றாகச் சந்திக்கப் பழகிவிடுகின்றன. அதனால்தான் பெரும்பாலான சில்லுகளுக்கு ஆறு பக்கம்.

இங்கே ஒன்று சொல்கிறேன், முடிவதற்குள் இன்னொரு தடவையும் சொல்வேன்: தரை ஈரமாக இருந்தால் இறங்காதீர்கள். அங்கே ஆண்டு மழை 7 முதல் 10 சென்டிமீட்டர்தான். சென்னைக்குச் சுமார் 140. ஈரத்தில் பதிந்த செருப்புத் தடம் காய்ந்து இறுகிவிட்டால், அதை அழிக்க மறுபடி தண்ணீர் நின்று மேல்சேறு இளக வேண்டும். அதுவரை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். வண்டியை ஏற்றுவதோ எப்போதுமே தடை. காய்ந்த தரையும் சக்கரத்தைத் தாங்காது.

சரி, போவது எப்படி? யுபெஹீபி என்ற எரிமலைப் பள்ளத்தருகே தார்ச்சாலை முடிகிறது. அங்கிருந்து 42 கிலோமீட்டர் சரளைப் பாதை. இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும், வண்டி உதறும். உதறலுக்குப் பயந்து வேகத்தைக் கூட்டினால் வளைவில் வழுக்கும்.

ஆனால் அங்கே ஆளை நிறுத்துவது உதறல் அல்ல, டயர்தான். நகரத்து டயரின் பக்கச்சுவர் மெல்லியது, சரளைக் கற்களின் விளிம்பு கத்தி. தரை இடைவெளி அதிகமுள்ள வண்டி, கனமான டயர், முழு அளவு ஸ்டெப்னி ஒன்றாவது வேண்டும், இரண்டு இருந்தால் நல்லது. புதுக் கார்களில் வருகிற ஒல்லி ஸ்டெப்னி இந்தப் பாதைக்கு உதவாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று ஊரிலேயே பாருங்கள். 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியைச் சரளையில் வைத்தால் வண்டி எழாது, ஜாக்கிதான் புதையும். அடியில் வைக்க ஒரு பலகை வேண்டும். சக்கரத்தைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்துங்கள்.

செல்போன் எடுக்காது. இழுவை வண்டி வந்தால் கூலி 1,000 டாலருக்கு மேல் போகும். வழியில் பெட்ரோல் பங்க் இல்லை. ஸ்டவ்பைப் வெல்ஸிலோ ஃபர்னஸ் கிரீக்கிலோ டாங்கை நிரப்பிவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். கோடையில் போகவே வேண்டாம். 32ஆவது கிலோமீட்டரில் ஒரு முச்சந்தி வரும். பெயர்ப்பலகை நிறைய தேநீர்க் கெட்டில்கள் தொங்கும், வருகிறவர்கள் கட்டிவிட்டுப் போனவை. இன்னும் 10 கிலோமீட்டரில் தரை கண்ணில் படும்.

வந்ததும் வடக்கே துருத்தி நிற்கும் கரும்பாறையைப் பார்த்துவிட்டு, கற்களைக் காணோமே என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. கற்கள் தெற்கில். இன்னும் 3 கிலோமீட்டர் ஓட்டி, இறங்கி, ஒரு கிலோமீட்டராவது நடக்க வேண்டும். ஏன் தெற்கில்? மலை அங்கேதான் தரையை ஒட்டி நின்று கல்லை உதிர்க்கிறது. தண்ணீரும் அங்கேதான் தேங்கும். அந்த 4 சென்டிமீட்டர்!

ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால், ஏர் உழுத சால் மாதிரி ஒரு தடம். கல் தானாக நகர்ந்திருக்கிறது. நகர்த்தியது யார்?

ஷார்ப், கேரி என்ற இரு புவியியலாளர்கள் 1972இல் 30 கற்களுக்குப் பெண் பெயர் வைத்துக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். ஏழு ஆண்டுகளில் 28 நகர்ந்தன. ஆறரை சென்டிமீட்டர் நான்சி மொத்தம் 262 மீட்டர் ஓடியது. 320 கிலோ கேரன் அசையவே இல்லை. பனிக்கட்டிதான் தள்ளுகிறதா என்று பார்க்க, ஒரு சிறு கல்லைச் சுற்றி இரும்புக் கம்பிகளை நட்டு வேலி போட்டார்கள். பனித்தகடு வந்தால் கம்பியில் தடுக்குமே! முதல் குளிர்காலத்திலேயே கல் வேலியைத் தாண்டி எட்டரை மீட்டர் போய்விட்டது. அப்படியானால் பனிக்கட்டி அவசியமில்லை என்று முடிவு கட்டினார்கள். அழகான சோதனை, தவறான விடை. கேரனுக்கு வருவோம்: அசையாத கேரன் 1994க்கு முன் எப்போதோ காணாமல் போய், 1996இல் மறுபடி கண்டெடுக்கப்பட்டது!

விடை 2013 டிசம்பரில் கிடைத்தது. அங்குள்ள கற்களைத் துளையிடப் பூங்கா அனுமதிக்காததால், ஆய்வாளர்களான நோரிஸ் உறவினர்கள் இருவரும் லோரென்ஸ் என்பவரும் வெளியிலிருந்து 15 கற்களைக் கொண்டுவந்து ஜிபிஎஸ் பொருத்தி வைத்திருந்தார்கள். குளிர்மழைத் தண்ணீர் தேங்கியது, ஆழம் அதிகபட்சம் 7 சென்டிமீட்டர். இரவில் மேலே 3 முதல் 6 மில்லிமீட்டர் பனித்தகடு, ஜன்னல் கண்ணாடி தடிமன்தான். பகலில் உடைந்து, மென்காற்றில் மிதந்து, கல்லை முட்டித் தள்ளியது. சூறாவளி வேண்டியதில்லை, தகடு அகலமாக இருந்தால் போதும். நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர் வேகம். பக்கத்துக் கல்லும் கூடவே நகர்வதால், நின்று பார்ப்பவருக்கே நகர்வது தெரியாது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். இரவு வானம் பற்றித் தனியாகவே வைத்திருந்தேன், நேரமில்லை. தரையருகே தங்க அனுமதி கிடையாது. தெற்கே தள்ளி ஹோம்ஸ்டேக் என்ற தண்ணீரில்லாத முகாம் இருக்கிறது. அமாவாசையை ஒட்டிப் போங்கள், டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். கற்களைத் தொடாதீர்கள். தரை ஈரமாக இருந்தால் இறங்காதீர்கள். வணக்கம்.