மப்ளருக்குப் பதிலா ஒரு நெக் வார்மர், நம்ம கையால தைச்சு குடுக்கலாம்

(திரையில்: மடிச்சு வச்ச பிளீஸ் துணி)

வணக்கம்ங்க. ஊட்டி குளிர்ல விடியக்காலையில டூவீலர் எடுக்கிற ஆள் உங்க வீட்ல இருந்தா இந்த வீடியோ அவங்களுக்காகத்தான். ஜனவரியில தலைக்குந்தா பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கெடக்கும், அந்த நேரத்துல மப்ளர சுத்திக்கிட்டு கிளம்பிடுவாங்க, அது காத்துல அவுந்து நுனி பின்னாடி பறக்கும், சக்கரத்துல சிக்குச்சுன்னா உயிருக்கே ஆபத்து. நெக் வார்மருக்கு நுனியே இல்ல, தலை வழியா மாட்டிக்க வேண்டியதுதான்.

துணி பிளீஸே வாங்குங்க, அதான் ஸ்வெட்டர் மாதிரி மெத்துன்னு இருக்கிற துணி. காட்டன் பனியில ஈரமாகி கழுத்துல சில்லுன்னு ஒட்டும், பிளீஸ் பாலியஸ்டர்ங்கிறதால தண்ணி அவ்வளவா இழுக்காது, வெட்டுன ஓரமும் பிரியாது, ஓரம் பிரியாம இருக்க போடுற ஓவர்லாக் தையல் தேவையில்ல.

இப்ப சொல்றதுதான் ரொம்ப முக்கியம். நிறைய பேர் கழுத்த அளந்து வெட்டிடுறாங்க, அப்புறம் தலைக்குள்ள நுழையாது. அளக்க வேண்டியது தலைய! பெரியவங்களுக்கு சுமாரா 22, 23 இன்ச் வரும், சர்ப்ரைஸா குடுக்கறதால அளக்க முடியலன்னா 24 இன்ச் நீளம், 18 இன்ச் உயரம்னு வெட்டிக்கங்க. துணிய ரெண்டு பக்கமும் இழுத்துப் பாருங்க, எந்தப் பக்கம் நல்லா இழுபடுதோ அந்தப் பக்கம்தான் 24 வரணும், மாத்தி வெட்டிட்டா மாட்டும்போது காதெல்லாம் வலிக்கும்.

(திரையில்: துணிய மடிக்கிற கை)

நல்ல பக்கம், அதாவது வெளிய தெரிய வேண்டிய பக்கம், உள்ள இருக்கிற மாதிரி மடிங்க, 24க்கு 9 வரும், நீள ஓரத்துல அரை இன்ச் விட்டு ஒரு தையல். குறுகலான ஜிக்ஜாக், அதான் வளைஞ்சு வளைஞ்சு போற தையல், போடுங்க, நேர் தையல்னா தலையில மாட்டும்போது நூல் பட்டுனு அறுந்துடும். வீட்ல பழைய கால் மெஷின்தான் இருக்கு, ஜிக்ஜாக் வராதுன்னா தையல பெருசா வச்சு துணிய லேசா இழுத்துப் புடிச்சுக்கிட்டே தைங்க, அதுவே போதும்.

இப்ப குழாய் மாதிரி இருக்குல்ல, திருப்பாதீங்க! உள்ள கைய விட்டு அந்த முனைய இழுத்து இந்த முனையோட சேருங்க, தையலுக்கு நேரா தையல் வரணும், குண்டூசி குத்திட்டு சுத்தி தைச்சுட்டே வாங்க, 3 இன்ச் மட்டும் விட்டுடுங்க. அந்த ஓட்டை வழியா மொத்தத்தையும் வெளிய இழுத்தா, அடடா, தையலே வெளிய தெரியாது! மிச்ச ஓட்டைய கையாலயே பொடிப்பொடியா தைச்சு மூடிடுங்க, அவசரப்படாதீங்க, ஒருத்தருக்கு ஆசையா குடுக்கிற பொருள், அந்த இடம் கழுத்துல உறுத்தக்கூடாது.

முடிச்சதும் மெஷின்ல பாபின், அதான் அடி நூல் சுத்துற உருளை, இருக்கிற பக்கம் சேர்ந்திருக்கிற பஞ்ச பிரஷ்ஷால எடுத்துடுங்க, பிளீஸ் நிறைய உதிரும். குடுக்கும்போது மறக்காம சொல்லுங்க, பச்சத் தண்ணியில துவைக்கணும், அயர்ன் பாக்ஸ் பக்கமே போகக்கூடாது, சூடு பட்டா பிளீஸ் உருகிடும்.