1859 காந்தப் புயலும் கொலாபா நோட்டும்

[திரையில்: 1859 செப்டம்பர் 2, கொலாபா வரைபடம்]

சூரிய வெடிப்பால பூமியோட காந்தப் புலம் கொந்தளிக்குறதுதான் காந்தப் புயல். அந்தப் புலத்தோட அளவைக் காட்டுற இந்தக் கோடு முற்பகல்ல செங்குத்தா இறங்குது பாருங்க. பம்பாய் கொலாபா ஆய்வகத்துல பதிவான இறக்கம், கிட்டத்தட்ட 1600 நானோ டெஸ்லா (காந்தப் புலத்தை அளக்குற அலகு). அந்தப் பக்கம் புவிகாந்தப் புலத்தோட கிடைத்தளக் கூறே (தரைக்கு இணையா இருக்குற பகுதி) சுமார் 38,000 தான். 1989 மார்ச்சுல கனடாவோட கியூபெக்கை இருட்டாக்கின புயலுக்கு, புயலோட பலத்தைக் காட்டுற டிஎஸ்டி குறியீடு மைனஸ் 589 நானோ டெஸ்லா. (அது பல நிலையங்களோட மணிச் சராசரி, இது ஒரே இடத்து அளவு. நேரடியா ஒப்பிட்டா தப்பாயிடும்.)

[திரையில்: இரட்டை இழைக் கருவி]

அளந்தது இதுதான். ரெண்டு இழையில தொங்குற காந்தச் சட்டம். இழைகளோட மேல்முனையைத் திருகி, வடக்கு தெற்கா நிக்கப் பார்க்குற சட்டத்தைக் கிழக்கு மேற்கா நிறுத்துவாங்க. இழை முறுகினா சட்டம் இம்மியளவு மேல ஏறும். அதோட எடை கீழ இறங்கப் பார்க்கும். அந்த எடைக்கும் பூமியோட இழுப்புக்கும்தான் போட்டி. புலம் துளி குறைஞ்சாலும் சட்டம் திரும்பிடும். சட்டத்துல ஒட்டின கண்ணாடியில அளவுகோல் தெரியும். தொலைநோக்கி வழியா எண்ணைப் படிச்சு நோட்டுல எழுதணும்.

தொல்லை எங்கேன்னா, வெப்பநிலைல. சூடானா காந்தத்தோட திருப்புத்திறன், அதாவது காந்தத்தோட சொந்த பலம், குறையும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது, புலம் குறைஞ்ச மாதிரியே காட்டும். அதனால ஒவ்வொரு அளவோடயும் தெர்மாமீட்டர் அளவும் வேணும்.

இது மாற்றத்தை மட்டும்தான் சொல்லும். முழு மதிப்புக்கு ஜெர்மன் கணித மேதை காஸ் 1832-ல சொன்ன வழி இருக்கு. காந்தத்தை இப்படி அப்படி ஆட விட்டு, ஒரு ஆட்டத்துக்கு ஆகுற நேரம் எடுத்தா, திருப்புத்திறனும் புலமும் பெருக்கின மதிப்பு கிடைக்கும். அதே காந்தத்தை வச்சு இன்னொரு ஊசியை விலக்கினா, ரெண்டோட விகிதம் கிடைக்கும். வகுத்தா திருப்புத்திறன் அடிபட்டுப் போகும், மிஞ்சுறது புலத்தோட வர்க்கம்.

லண்டன் பக்கத்து கியூ நிலையத்துல ஃபோட்டோ தாள் தானாவே பதிவு செஞ்சுச்சு. செப்டம்பர் 1-ல ஆங்கிலேய வானியலாளர் கேரிங்டன் சூரியன்ல பார்த்த வெடிப்போட சின்னத் துள்ளல்கூட அதுல விழுந்திருக்கு. ஆனா மறுநாள் புயல்ல, தாள்ல கோடு வரையுற ஒளிப்புள்ளி தாளை விட்டே ஓடிடுச்சு. கொலாபாவுல மணிக்கொரு தடவை கண்ணால படிச்சவங்க, கொந்தளிப்பு வந்ததும் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை படிச்சாங்க. அதனாலதான் இந்தப் பள்ளம் நம்ம கையில இருக்கு. இவ்வளவு ஆழத்துக்கு எந்த மின்னோட்டம் காரணம்ங்கிற விவாதம் இன்னும் முடியலை.

பிறகு பம்பாய் டிராமை மின்சாரத்துல ஓட்ட முடிவாச்சு. தண்டவாளத்துல இருந்து மண்ணுல கசியுற மின்னோட்டம் அளவைக் கெடுக்கும்ங்கிறதால, தெற்கே அலிபாக்ல புது நிலையம் கட்டினாங்க. 1904-ல இருந்து 1906 வரைக்கும் ரெண்டு இடத்துலயும் சேர்த்தே அளந்தாங்க. ரெண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிஞ்சாதானே பழைய அட்டவணையோட புதுசை ஒட்ட முடியும்.